விபத்துப் பதிவேட்டில் நான் சொன்ன பொய்

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். திருச்சி கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கடை. நகலெடுப்பதோடு வருமானச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு என்று ஆன்லைன் மனுக்களையும் போட்டுக்கொடுப்போம். எத்தனையோ கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் வாரிய அட்டையைப் புதுப்பித்துக் கொடுத்த கை இது. என் கணவர் பெயின்டர். அவருடைய வாரிய அட்டை 2020-இல் காலாவதியாகி பீரோவுக்குள் கிடந்தது. கொரோனா முடியட்டும் என்றேன், பிறகு மகளின் பள்ளிச் சேர்க்கை முடியட்டும் என்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மற்றவர்களைத் திட்டும்போது, இவள் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

2022 ஜூலை 14, வியாழக்கிழமை. விமான நிலையத்தைத் தாண்டி, புதிதாக மனை பிரித்த பகுதியில் ஒரு மாடி வீடு. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று வீட்டுக்காரர் பத்திரிகையே அடித்துவிட்டார். அந்த அவசரத்தில் வேலையின் வரிசை மாறிப்போனது. சுவருக்குப் பட்டி பார்த்து முதல் கோட் அடித்த பிறகு தரைக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். இங்கே டைல்ஸ் முந்திக்கொண்டது. மொட்டை மாடிக்குப் படி ஏறும் ஹெட் ரூமில்தான் சுவர் நல்ல உயரம். அங்கே சாரம் கட்டியிருக்க வேண்டும். கட்டினால் ஒரு நாள் வேலை போகும், குழாய் வாடகை 2,000 ரூபாய் ஆகும். ஏணியே போதும் என்றார் மேஸ்திரி. காலை 8.12 மணிக்கு என் கணவரின் வாட்ஸ்அப்புக்கு அவர் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்: ‘ஹெட் ரூமை இன்றைக்கே முடித்துவிடு, நாளைக்கு வீட்டுக்காரர் வருகிறார்.’ இந்தப் பதினோரு விநாடிப் பதிவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏணி அலுமினியத்தில், 14 அடி. கால்களின் அடியில் ரப்பர் மூடி இருக்க வேண்டும். ஒரு காலில் எப்போதோ கழன்று போயிருந்தது, இன்னொன்றில் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. ரப்பர் இல்லாத உலோகக் கால் புது டைல்ஸில் கோடு போடும் என்பதால், ஏணிக்கு அடியில் சாக்கு விரிக்கச் சொல்லியிருந்தார்கள். டைல்ஸ்மேல் பட்டி தேய்த்த மாவு, மாவின்மேல் சாக்கு, சாக்கின்மேல் ஏணி, ஏணியின்மேல் என் கணவர். ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய பையன் பதினோரு மணி டீ வாங்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் மேல் மூலையை முடித்துவிடலாம் என்று இவர் ஏறியிருக்கிறார். ஏறத்தாழ 11 அடி உயரத்தில் நின்று, மூலை எட்டாமல் உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறார். சத்தமே இல்லாமல் சாக்கு நகர்ந்தது என்கிறார். ஏணியோடு சேர்ந்து கீழே வந்து, இரண்டு குதிகாலும் படியின் விளிம்பில் மோத விழுந்தார்.

இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவருக்கு ஏணி வைக்கத் தெரியாதா என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியும். ஏணியின் தலை சுவரில் நான்கடி உயரத்தில் இருந்தால் கால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருக்க வேண்டும். 12 அடிக்கு மூன்றடி. அதைவிடக் கால் வெளியே போனால் வழுக்கும், உள்ளே வந்தால் ஏறுகிறவரோடு பின்பக்கம் சாயும். தலைப்பகுதியை ஜன்னல் கம்பியிலோ கைப்பிடியிலோ கயிற்றால் கட்ட வேண்டும். கடைசி இரண்டு மூன்று படிகளில் நிற்கக் கூடாது. இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். மூலை எட்டவில்லை என்றால் இறங்கி வந்து ஏணியைத்தான் நகர்த்த வேண்டும். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாளைக்கு வீட்டுக்காரர் வருகிறார் என்ற குரல் காதுக்குள் ஓடும்போது எத்தனை பேர் இறங்கி வந்து ஏணியை நகர்த்துவார்கள்? வீடு கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டைல்ஸில் கீறல் விழக் கூடாது என்றால் ஏணிக்கு நூறு இருநூறு ரூபாயில் புது ரப்பர் வாங்கிப் போடச் சொல்லுங்கள். சாக்கு விரிக்கச் சொல்லாதீர்கள், அட்டைப்பெட்டியையும் விரிக்கச் சொல்லாதீர்கள்.

அவரை ஆட்டோவில் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, நடுவில் உட்காரவைத்து, குண்டும் குழியுமான மனைச் சாலையில் நான்கு கிலோமீட்டர். பாசத்தில் செய்ததுதான், குறை சொல்லவில்லை. ஆனால் உயரத்திலிருந்து குதிகால் ஊன்றி விழுகிறவர்களுக்கு அந்த அடி காலோடு நிற்பதில்லை, கால் எலும்பு வழியாக ஏறி முதுகெலும்பில் போய் இறங்குகிறது. குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தில் பாலபாடம் என்று பிறகு ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். அப்படி விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்கவே கூடாது. விழுந்த இடத்திலேயே அசையாமல் படுக்கவைத்து 108-க்குச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் வரவே வழியில்லை என்றால், தலை, கழுத்து, இடுப்பு ஒரே கோட்டில் இருக்கும்படி நான்கு பேர் சேர்ந்து ஒரே மூச்சில் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் பலகைக்கா பஞ்சம்?

எனக்கு மேஸ்திரி போன் செய்தபோது கடையில் கூட்டம். ‘லேசாகக் காலில் அடி’ என்றார். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். நான் போய் இறங்கியதும் வாசலிலேயே என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். “தங்கச்சி, வேலை செய்யும் இடத்தில் விழுந்தார் என்று சொல்லாதே. போலீஸ் கேஸ் ஆகிவிடும். கேஸ் என்றால் இங்கே தொடவே மாட்டார்கள். வீட்டில் படியில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிவிடு. மருத்துவச் செலவு முழுக்க என் பொறுப்பு.” கையில் 15,000 ரூபாயைத் திணித்தார். அவரைக் கொண்டுவந்த ஆட்டோக்காரர் தன் பங்குக்கு இன்னொரு யோசனை சொன்னார்: வண்டியிலிருந்து விழுந்தார் என்று சொன்னால், முதல் 48 மணி நேரத்துக்கு அரசே பணம் கட்டுமாம். அது ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் தொடங்கியிருந்தார்கள், சாலை விபத்துக்கு மட்டும். அதை நான் மறுத்துவிட்டேன்; அரசாங்கத்தை ஏமாற்றப் பயம். மேஸ்திரியின் பொய்க்கு மட்டும் எனக்குப் பயமாக இல்லை. பணம் கொடுத்தவரைக் காட்டிக்கொடுப்பதா என்று நினைத்தேன். அடுத்த வேலைக்கும் அவரிடம்தானே போக வேண்டும் என்றும் நினைத்தேன்.

அவசரப் பிரிவு மருத்துவர் இளைஞர். என் கணவரின் தலைமுடி, இமை, காது மடல் எல்லாம் வெள்ளையாகப் பட்டி மாவு. பார்த்துவிட்டு, “வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று கேட்டார். “படியில் வழுக்கிவிட்டார் சார்” என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அதுதான் விபத்துப் பதிவேடு, எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்வது. யார் கூட்டி வந்தார், எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்று சொன்னதைச் சொன்னபடி அதில் எழுதுவார்கள். என் கணவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அவர் மறுத்துப் பேசியிருந்தால்கூட நான் வாயை மூடியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

போலீஸ் கேஸ் என்றால் தொடமாட்டார்கள் என்பது பழைய கதை. உயிருக்கு ஆபத்தாக வருகிறவருக்கு முதலில் சிகிச்சை, சம்பிரதாயமெல்லாம் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. வேலை செய்யும் இடத்தில் விழுந்தார் என்று சொன்னால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும், ஒரு காவலர் வந்து வாக்குமூலம் வாங்குவார், அவ்வளவுதான். அந்தக் காகிதம் நமக்குச் சாதகமான காகிதம். அதற்குப் பயந்து ஓடியவள் நான்.

அந்த மருத்துவமனையில் குதிகாலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். முதுகு வலிக்கிறது என்றவருக்கு, விழுந்த பிடிப்புதான் என்று ஊசி போட்டார்கள். வீட்டில் வழுக்கி விழுந்தவர் என்றுதானே நான் சொல்லியிருந்தேன்? 11 அடி உயரத்திலிருந்து விழுந்தவர் என்று தெரிந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே முதுகைப் படம் எடுத்திருப்பார்கள் என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். பொய்யின் விலையை நான் ரூபாயில் மட்டும் கட்டவில்லை. மறுநாள் மாலை அவருக்குச் சிறுநீர் பிரியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது என்றார். அதன் பிறகு ஓட்டமும் நடையுமாக ஸ்கேன். எல்1 என்கிற இடுப்பு முள்ளெலும்பு நொறுங்கி, துண்டு ஒன்று நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. முதுகில் அடிபட்டவருக்குச் சிறுநீர் தடைபடுவதும் தொடை இடுக்கில் மரத்துப்போவதும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு 1,80,000 ரூபாய் என்றார்கள். மேஸ்திரியின் போன் அன்றிரவு இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. இரண்டு நாளுக்கான 38,400 ரூபாயைக் கட்டிவிட்டு அரசு மருத்துவமனைக்கு மாற்றினேன். தனியார் இடத்தில் கொடுத்த கடிதத்தில் ‘வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தவர்’ என்று இருந்தது. அரசு மருத்துவமனையின் பதிவேட்டில் அதையே எழுதிக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் தாளிலும் அதே வரி. நகலெடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு மூலத்தில் பிழை இருந்தால் நூறு நகலிலும் அதே பிழை இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அரசு மருத்துவமனையில் சேர்த்த அன்றே, உண்மையில் நடந்தது இது என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. முதலில் சொன்னதை மாற்றினால் என்னைப் பிடித்துக்கொள்வார்களோ என்ற அசட்டுப் பயம்.

அங்கே கம்பியும் திருகாணியும் வைத்து முதுகில் அறுவை செய்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்ததால் அதற்குப் பணம் கேட்கவில்லை. இடுப்பு பெல்ட் 3,200, வெளியில் வாங்கிய மருந்து, போக்குவரத்து என்று மற்றதெல்லாம் எங்கள் கையிலிருந்து. மூன்று பவுன் சங்கிலி 75,000 ரூபாய்க்கு அடகுக்குப் போனது. நான் மூன்று மாதம் கடைக்குப் போகவில்லை, மாதம் 9,000 நின்றது. அவர் 14 மாதம் வேலைக்குப் போகவில்லை. நாள் கூலி 900, மாதம் 22 நாள் என்று வைத்தால் இரண்டே முக்கால் லட்சம். படுக்கையில் கிடந்தவரைக் கழுவித் துடைத்து, பத்தாம் வகுப்பு மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, இரவில் கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு அழுவேன். சில நாள் அவர்மேலேயே ஆத்திரமாக வரும். பையன் வரும்வரை காத்திருந்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டும்விட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

வீட்டுக்காரர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஒரு முறை வந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். கிரகப்பிரவேசம் குறித்த நாளில் நடந்தது. படியில் ஒரு டைல்ஸ் உடைந்திருந்ததாம், மாற்றிவிட்டார்களாம். அதை யாரும் கேட்காமலே சொன்னார்.

ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினேன். வாரியத்தில், விபத்து நடந்த நாளில் பதிவு நடப்பில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த அறையில் நான் நின்ற நிலையை எழுத முடியாது. அங்கே என்னைத் தெரியாதவர் யாரும் இல்லை. 18 வயது முதல் 60 வயதுவரை யாரும் பதிந்துகொள்ளலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். வீட்டில் பெயின்டரோ எலக்ட்ரீஷியனோ கொத்தனாரோ இருந்தால் அட்டையின் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். பிறகு வங்கிக்குப் போனேன். வருடந்தோறும் கணக்கிலிருந்து பிடிக்கிற பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறதே. அந்த ஜூன் மாதம்தான் 12 ரூபாயை 20 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ முழுமையாகப் போனால் 1 லட்சம். எலும்பு முறிவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதில் எதுவும் இல்லை. கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நம்பி இருக்க வேண்டாம் என்கிறேன்.

செப்டம்பரில் மேஸ்திரி வந்தார். இன்னும் 10,000 கொடுத்தார், கூடவே 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை நீட்டினார். முழு இழப்பீடும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று தட்டச்சு செய்திருந்தது. “சும்மா கணக்குக்குத்தான் தங்கச்சி” என்றார். அடகுக்கடை வட்டி கட்ட வேண்டிய நாள் அது. என் கணவர் கையெழுத்துப் போட்டார், நான் சாட்சி. அந்தத் தாளால் எங்கள் உரிமை போய்விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. இழப்பீட்டைப் பற்றிய ஒப்பந்தம் எதுவானாலும் தொழிலாளர் துறையில் இருக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவாக வேண்டும். அதனால் அப்படி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். போடாதவர்கள் போடாதீர்கள், கொடுத்த தொகைக்கு மட்டும் ரசீது எழுதிக்கொடுங்கள்.

2023 பிப்ரவரியில், எங்கள் கடைக்கு நகலெடுக்க வந்த கட்டடத் தொழிலாளர் சங்கத்துப் பெரியவர் ஒருவர்தான் முதன்முதலில் என்னிடம் உருப்படியாகப் பேசினார். அப்போதைய சட்டத்தின் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-ஆம் வருடத்தது. வேலைக்குக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்தான் முதலாளி. பெரிய கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை, நான்கு பெயின்டர்களை வைத்திருக்கும் மேஸ்திரியும் முதலாளிதான். தவறு யார்மேல் என்ற கேள்வி இதில் பெரும்பாலும் எழாது. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டால் போதும். மருத்துவத்துக்குக் கையிலிருந்து செலவழித்ததை முதலாளி திருப்பித் தர வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்தில் 15 நாளுக்கு ஒரு முறை, மாதக் கூலியில் கால் பங்கு. நிரந்தரமாகச் சம்பாதிக்கும் சக்தி குறைந்தால் அதற்குத் தனிக் கணக்கு. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. கோரிக்கை போட விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். அதில் ஏழு மாதத்தை நான் ஏற்கெனவே தின்றிருந்தேன்.

பெரியவர் ஒரு பழைய கவரின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். எவ்வளவு சம்பாதித்தாலும் மாதக் கூலியை 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. விபத்தன்று என் கணவருக்கு 41 வயது. அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் எண் 181.37. இரண்டையும் பெருக்கினால் 16,32,330. இது முழு ஊனத்துக்கு. எங்களுக்கு மருத்துவர் கொடுத்தது 25 சதவீதம், ஆக 4,08,082 ரூபாய். அதற்கும் மேலே கேட்கலாம் என்றார் பெரியவர். உடம்பில் எத்தனை சதவீதம் குறை என்பது வேறு, அந்தத் தொழிலில் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்பது வேறு. 1975-இல் ஒரு தச்சரின் வழக்கில், இடது கை போன பிறகு அவரால் தச்சு வேலையே செய்ய முடியாது, ஆகவே அது முழு இழப்புதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏணி ஏற முடியாத பெயின்டருக்கும் அதே வாதம் பொருந்தும். அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறேன்.

2023 ஜூனில் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே ஒரே ஒரு தாளைத்தான் நீட்டினார். என் கணவரின் விபத்துப் பதிவேட்டு நகல். ‘வீட்டுப் படியில் வழுக்கி விழுந்ததாக மனைவி கூறினார்.’ மனைவி கூறினார் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த இளம் மருத்துவர் எழுதியதில் பிழையே இல்லை.

அதன் பிறகு செய்ததெல்லாம் அந்த ஒரு வரியை அழிக்கிற வேலை. பதிவேட்டைத் திருத்தித் தர முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள், அது நியாயமும்கூட. காவல் நிலையத்தில் தாமதமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்கிற புகார் ஏற்பு ரசீது வாங்கியிருந்தேன், ஏழு மாதம் கழித்து ஏன் என்று கேட்டார்கள். ஏணி பிடிக்க வேண்டிய பையன் வேலையை விட்டு விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டான், போனை எடுக்கவில்லை. கடைசியில் நிலைத்து நின்றவை இரண்டு. ஒன்று, சனிக்கிழமைதோறும் மேஸ்திரியின் ஜிபே கணக்கிலிருந்து கூலி வந்த வரவுகள். ஜூலை 9 வரை இருந்தன. இன்னொன்று, அந்த 8.12 மணிக் குரல் பதிவு. போன் கண்ணாடி நொறுங்கி, பழைய விலைக்குப் போட இருந்தோம். என் மகள்தான் அதற்கு முன் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவைத்திருந்தாள். கூலியைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். விபத்து நடந்துவிட்டால் அன்றே உடன் வேலை செய்தவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிவையுங்கள்; அவர்கள் ஒரு மாதத்தில் கலைந்துவிடுவார்கள்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று நானும் முதலில் தயங்கினேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இதுவும் எனக்குத் தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் ஒரு வக்கீலுக்கு 20,000 கொடுத்திருந்தேன். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. நான் சொன்ன கணக்கெல்லாம் எங்கள் வழக்கு நடந்த காலத்துக்குரியது. இப்போது போடுகிறவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுங்கள்.

2024 மார்ச்சில் சமரசம். வழக்கை இழுத்தால் ஏ.ஆர். நகல் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ என்று எங்கள் வக்கீலுக்கே பயம். ஆணையர் முன்னிலையில் பதிந்து, 1,40,000 ரூபாய் வந்தது. கவரின் பின்புறத்தில் 4,08,082. இடையில் இருக்கும் இரண்டரை லட்சத்துக்கு மேலான தொகை மேஸ்திரி எடுத்துக்கொண்டதா, நான் விட்டதா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். அந்தப் பணத்தில் சங்கிலியை மீட்டேன்.

இப்போது அவர் தரையில் நின்று கை எட்டும் உயரம் வரைக்கும் பட்டி பார்ப்பார், ஜன்னல் கம்பிக்கு வார்னிஷ் அடிப்பார். நாள் கூலி 500, வாரத்தில் நான்கு நாள். வேறு ஒருவரிடம் போகிறார். வாரிய அட்டையை நானே புதுப்பித்துவிட்டேன், 2028 வரை. கடையில் யாராவது ஆஸ்பத்திரித் தாளை நகலெடுக்க வந்தால், ‘எப்படி அடிபட்டது’ என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் கண்ணாடிமேல் வைக்கிறேன். அடுத்தவர் தாளைப் படிக்கலாமா என்று முதலாளி ஒரு முறை கடிந்துகொண்டார்.

போன மாதம் உறையூர் சிக்னலில் நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். பழைய மேஸ்திரியின் மினி வேன் வந்து நின்றது. மேலே அதே அலுமினிய ஏணி, கால்கள் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. “இன்னும் ரப்பர் போடவில்லை” என்றார் இவர். சிக்னல் விழுந்து வேன் போய்விட்டது.